பதினெட்டு டிகிரி

"பெரிய பின் சொருகற பிளக் எங்கங்க இருக்கு?"

குளிர்பெட்டிக்காரர் கேட்டு முடிப்பதற்குள் அண்ணியின் தம்பி அலமாரிக்குப் பின்னால் கையை விட்டு, அங்கே சொருகியிருந்ததைப் பிடுங்கிவிட்டான்.

"அது... அத எடுக்காதீங்க," என்றாள் தங்கை. அவள் குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. இந்தக் குரலுக்காகத்தான் அண்ணன் அவளுக்குக் கொசு என்று பேர் வைத்திருந்தான். காதுக்குப் பக்கத்தில் வந்தால்தான் கேட்கும் என்பான்.

கண்ணாடி மூடி போட்ட நீளமான பெட்டி கூடத்தின் நடுவில் உறுமத் தொடங்கியது. அதற்குள் அண்ணனைப் படுக்க வைத்தார்கள். அலமாரியின்மேல், முட்டைத் தொட்டியைக் குளிர்வித்துக்கொண்டிருந்த இயந்திரம் ஒரு தடவை உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு அடங்கியது.

"போன மாசம் இந்தப் பெட்டிக்கு காஸ் போட்டதே அண்ணன்தாங்க," என்றார் பெட்டிக்காரர், யாரிடம் என்றில்லாமல். "இனி ஒரு வருஷத்துக்குக் கவலையே இல்லன்னாரு."

ஊரிலிருக்கிற ஃப்ரிட்ஜ்களையெல்லாம் ஓட வைத்தவன் வீட்டில் பெரிய பிளக் ஒன்றுதான் வேலை செய்தது. மற்ற இரண்டும் கருகிப்போய் ஆறு மாதமாகிறது. வாத்தியார் பிள்ளை மக்கு என்பது சும்மாவா?

தங்கை தொட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, கூட்டத்துக்குள் ஒருக்களித்து நடந்து சமையலறைக்குப் போனாள். தண்ணீருக்குள் கிடந்த வெப்பமானி பதினெட்டு காட்டியது. இருபதைத் தாண்ட விடாதே என்பது அண்ணன் வாக்கு. இப்போதைக்கு ஒன்றுமில்லை. ஆனால் வெளியே வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் குளிர்பெட்டி பழுதுபார்க்கப் போன இடத்தில் கூலியோடு கிடைத்த ஜோடி அது. ஆக்ஸலாட்டல் என்கிற நீர்ப்பிராணி. மீனின் வால், பல்லியின் கால், கழுத்தைச் சுற்றி இறகுபோல் செவுள், எந்நேரமும் சிரிக்கிற மூஞ்சி. பெரியதுகள் குளியலறைத் தொட்டியில் கிடந்தன. ஒரு நாள் சூட்டை அதுகள் பொறுத்துக்கொள்ளும். முட்டைகள் பொறுக்காது. இருநூறுக்கு மேல் முட்டை வைத்த மறுநாள்தான் அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து எட்டு நாளும் போனில் பாடம் நடத்தினான்.

"உயிர் இருக்கறது அவரை விதை மாதிரி வளையும் கொசு. வெள்ளையாப் போனா செத்ததுன்னு அர்த்தம். ஸ்பூனால எடுத்துப் போட்டுடு. பாவம் பாக்காத. ஒண்ணு அழுகினா பஞ்சு பிடிச்சு பக்கத்துல இருக்கறதையும் கொண்டுபோயிடும்."

அவள் பாவம் பார்த்தாள். ஸ்பூனை எடுத்துக்கொண்டு போவாள்; வெள்ளைக்குள் ஏதோ அசைந்த மாதிரி இருக்கும்; திரும்பி வந்துவிடுவாள். நான்காம் நாள் பத்துப் பன்னிரண்டு இருந்த வெள்ளை, எட்டாம் நாள் பாதித் தொட்டியாகிவிட்டது.

நேற்று மாலையும் அண்ணன் கேட்டான். "ஒண்ணுகூடப் போகலையா?"

"ஒண்ணுகூடப் போகலண்ணா."

"கெட்டிக்காரி."

அதுதான் அவன் அவளிடம் கடைசியாகச் சொன்ன சொல். விடிவதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்துவிட்டது.

கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. கூடத்துக்குப் போனாள், சமையலறைக்கு வந்தாள். இருபது. ஐஸ் தேடினாள். கருகின பிளக்கில் இருந்த ஃப்ரிட்ஜ் ஆறு மாதமாக வெறும் அலமாரிதான். மறுபடி கூடம். யாரோ அவள் தோளை அழுத்தி, "அழுதுடும்மா, உள்ளயே வெச்சுக்காத," என்றார்கள். அவள் தலையாட்டிவிட்டு மறுபடி சமையலறைக்கு ஓடினாள். இருபத்திரண்டு.

அடுத்த தடவை அண்ணனைப் பார்க்கக் குனிந்தபோது உள்ளங்கை கண்ணாடி மூடியில் பட்டது. சில்லென்றிருந்தது. கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். இந்த வீட்டில் குளிர்ச்சியான இடம் இப்போது இது ஒன்றுதான்.

ஆனால் தண்ணீரோடு அத்தனை கனமான தொட்டியை இந்தக் கண்ணாடிமேல் ஏற்ற முடியாது. ஒரு கண்ணாடிப் பாட்டில் வேண்டுமானால் நிற்கும். பாட்டிலில் இருநூறு கொள்ளாது. உயிருள்ளதை மட்டும் எடுக்க வேண்டும். அப்படியென்றால் எது செத்தது என்று அவளே சொல்லியாக வேண்டும்.

ஸ்பூனைத் தண்ணீருக்குள் விட்டாள். வெள்ளையும் கறுப்பும் ஒன்றாகச் சுழன்றன. வெளியே எடுத்தாள். மறுபடி விட்டாள்.

"இங்க என்னடி பண்ற? உன்னத்தான் எல்லாரும் தேடறாங்க."

அண்ணி. எட்டு நாள் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்திருந்த முகம். தொட்டியை மறைக்க ஏதுமில்லை. தங்கை நகர்ந்து நின்றாள்.

"பொய் சொல்லிட்டேன் அண்ணி. அண்ணன்கிட்ட. ஒண்ணுகூடப் போகலன்னு."

அண்ணி தொட்டியைப் பார்த்தாள். "தெரியும்."

"அண்ணனுக்கு?"

"அவருக்குத் தெரியாமயா? போனை வெச்சதும் ஒரே சிரிப்பு. 'கொசு புளுகுறா. எந்தக் கொம்பன் பாத்துக்கிட்டாலும் கொஞ்சம் போகத்தான் போகும். இவகிட்ட மட்டும் ஒண்ணுகூடப் போகலையாம்'னு. நர்ஸ் வந்து திட்டிட்டுப் போனா."

"அப்புறம் ஏன் எங்கிட்ட கேக்கல?"

"கேட்டா அழுவியாம். 'விடு, நான் வந்து பொறுக்கிக்கறேன்'னாரு."

அடுப்பின் பக்கத்தில் யாரோ காலி டம்ளர்களை வைத்துவிட்டுப் போனார்கள். தங்கை அவர்கள் போகும்வரை காத்திருந்தாள்.

"இவ்வளவும் என்னாலதான, அண்ணி?"

"கொஞ்சம் உன்னாலதான்," என்றாள் அண்ணி. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தாள். "இது பாரு, உருண்டையாவே நிக்குது. கருவே பிடிக்கல. இத யார் பாத்துக்கிட்டிருந்தாலும் பொரிஞ்சிருக்காது. பஞ்சு பிடிச்சிருக்கு பாரு, இது போனது உன்னால. எட்டு நாளா என் காதுல இதத்தான் ஓதினாரு அந்த மனுஷன். பேசாதீங்க, ஓய்வெடுங்கன்னு டாக்டர் சொன்னாக்கூட முட்டை, முட்டை, முட்டை. எனக்கும் ஒரு ஸ்பூன் குடு."

இரண்டு தலைகளும் தொட்டியின்மேல் கவிழ்ந்தன. அண்ணி எடுத்தது ஒவ்வொன்றும் தயங்காமல் கழுவு தொட்டிக்குள் விழுந்தது. தங்கை முதல் வெள்ளையை எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். அதற்குள் எதுவும் அசையவில்லை. போட்டாள். இரண்டாவதை அவ்வளவு நேரம் வைத்திருக்கவில்லை. கடைசியில் வளைந்து, வால் முளைத்தவை அறுபதோ எழுபதோ மிஞ்சின. தொட்டித் தண்ணீரையே பாட்டிலில் ஊற்றி அவற்றை அதில் விட்டார்கள். ஒன்று உள்ளுக்குள்ளேயே சட்டென்று புரண்டு படுத்தது.

"பெட்டி மூடி சில்லுனு இருக்கு அண்ணி," என்றாள் தங்கை. அண்ணிதான் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு நடந்தாள். ஒரேயடியாகக் குளிரக் கூடாதென்று கைத்துண்டை மடித்து மூடியின்மேல் போட்டு, அண்ணனின் காலுக்கு நேராக வைத்தாள்.

"என்னம்மா இது? பெட்டிமேல போய்..." என்றாள் ஒரு பெரியம்மா.

"இருக்கட்டும் பெரியம்மா. அவரோடதுதான்."

பெட்டிக்காரர் எட்டிப் பார்த்தார். குனிந்து பாட்டிலை இயந்திரம் சுடுகிற பக்கத்திலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டு வெளியே போனார்.

ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். யாராவது மூடியில் சாய்ந்து விசும்பும்போதெல்லாம் பாட்டில் அதிர்ந்தது. உள்ளே அத்தனையும் ஒரு பக்கமாக ஒதுங்கி, மெல்லத் திரும்பி வந்தன. அன்று காலையிலிருந்து கூடத்தில் ஒரு நிமிடம் நிற்காத தங்கை, கால் பக்கம் போய் நின்று பாட்டிலை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். அடுத்து வந்த ஆள் அழட்டும் என்று கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டாள். கையை மட்டும் எடுக்கவில்லை.