திங்கட்கிழமை நோன்பு

முஃபுலிரா நகரின் மேற்கெல்லையில், செம்புருக்காலையின் நெடும்புகைபோக்கி விடிவதற்குள்ளாகவே தன் வெண்புகையை வானில் விரித்துவிட்டது. மழைக்கு முந்திய கொடுங்கோடையின் இறுதி நாட்கள் அவை. நிலத்தடியில் செம்பு வெட்டிய ஆடவர், தலைக்கவசத்தைக் கையில் தொங்கவிட்டு, கண்ணிமைகளில் கரும்பொடி படிய, வரிசையாய் வீடு திரும்பிக்கொண்டிருந்தனர். அவர்களுக்கு எதிரே கரிமூட்டை சுமந்த பெண்டிர், மூட்டையின் நிழலே தமக்குக் குடையாக, சந்தையை நோக்கி நடந்தனர். தெருவின் இருமருங்கும் நீலப்பூ மரங்கள் தம் பூக்களைக் கொட்டிச் செம்மண்ணை மூடியிருந்தன. காற்றில் கந்தகம் நெடியடித்தது. பாதி ஊர் உறங்கச் செல்லவும் பாதி ஊர் எழுந்து புறப்படவும் அமைந்த அந்தக் காலையில், சுரங்கத்தார் குடியிருப்பின் கடைசித் தெருவில், இளம்பெண்கள் இருவர் ஒரு வாளியின் இருபுறமும் குந்தித் துணி துவைத்துக்கொண்டிருந்தனர்.

ஒருத்தி தொவேலா சிர்வா. மலாவி ஏரிக்கரையில் லுவாவு என்னும் மீனவச் சிற்றூரினள். மற்றவள் நக்காட்டோ, உகாண்டா நாட்டினள், இரண்டு அகவை மூத்தவள். நற்செய்தி சொல்லத் திருச்சபை அவர்களை இவ்வூருக்கு அனுப்பி ஏழு மாதம் ஆயிற்று. ஒருவர் கண்ணுக்கும் செவிக்கும் எட்டாத இடத்தில் மற்றவர் இருத்தல் ஆகாது என்பது அவர்கள் ஏற்ற நெறி. உறங்கும்போதும் ஓய்வுநாளிலும் அன்றி வேறெப்போதும் மார்பில் பெயர்ப்பட்டை இருக்கும். அதில் குடும்பப்பெயர் மட்டும் இருக்கும். ஒருவரையொருவர் அழைப்பதும் அப்பெயராலோ 'சிஸ்டர்' என்றோதான். ஆறு நாள் கதவு தட்டுவார்கள். திங்கட்கிழமை துணி துவைத்து, சந்தைக்குப் போய், வீட்டாரோடு பேசுவார்கள்.

"என்னங்கடி, உங்க கடவுளுக்கு இன்னிக்கு லீவா?" என்று வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது. அடுத்த வீட்டுச் சிஷாம்மா. மூத்த மகள் சிஷாவின் பெயராலேயே தெருவெல்லாம் அழைக்கப்படுபவள்.

"அவருக்கு லீவே கிடையாது சிஷாம்மா. எங்களுக்குத்தான்" என்றாள் நக்காட்டோ.

"அப்ப இன்னிக்கு நான் நேரா அவர்கிட்டயே பேசிக்கிறேன். நடுவுல ஆளில்லாம நிம்மதியா இருக்கும்."

தொவேலா சிரித்தபடியே கையைத் துடைத்துக் கைப்பேசியை எடுத்தாள். மணி பத்து. அவள் ஊரான லுவாவில் அலைவரிசை கிட்டுவது இடுகாட்டை ஒட்டிய பாறைமேட்டில் மட்டுமே. அதன்மேல் தாயும் தந்தையும் ஏறி நின்று, ஏழு மாதமாக ஒரு திங்கட்கிழமையும் தவறாமல், முதல் மணியிலேயே அழைப்பை எடுத்திருந்தனர். தந்தை யோத்தாமு, ஏரியில் அடுத்த படகுக்குக் கூவுவது போலவே கைப்பேசியிலும் கூவுவார். செவியிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தே அவள் அவரோடு பேசுவது வழக்கம்.

இன்று முதல் அழைப்பை எவரும் எடுக்கவில்லை, இரண்டாவதையும் எடுக்கவில்லை. மூன்றாவதைச் சித்தி எடுத்தாள்.

"யாரு... தொவேலாவா?"

"சித்தி, அம்மா எங்க?"

"இங்கதான், கைவேலையா இருக்கா. நீ நல்லா இருக்கியா கண்ணு? சாப்பிட்டியா?"

"அப்பா?"

"அப்பா... ஏரிக்குப் போயிருக்காரு. எல்லாரும் நல்லா இருக்கோம். நீ முதல்ல வயிறாரச் சாப்பிடு."

சித்தியின் பின்னால் பலர் இருந்தனர். பெருங்கலங்கள் தரையில் இழுபடும் ஓசை கேட்டது. யாரோ ஒருவர் அடக்க, அத்தனை குரல்களும் ஒரே நொடியில் அடங்கின. அழைப்பும் அறுந்தது.

விளக்கேற்றி இரவில் வலை வீசி விடியலில் கரையேறும் ஊர் அது. காலை பத்து மணிக்கு ஏரியில் எவருக்கும் வேலை இல்லை.

அவள் கைப்பேசியை இன்னும் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே நக்காட்டோவின் கைப்பேசி மணியடித்தது. எண்ணைப் பார்த்த நக்காட்டோ எழுந்தாள். வீட்டின் பின்சுவரைச் சுற்றி மறைந்தாள். ஏழு மாதத்தில் அவள் தோழியின் கண்ணைவிட்டு அகன்றது அதுவே முதன்முறை. வாளியில் நுரை ஒவ்வொன்றாய் உடைந்துகொண்டிருந்தது. நெடுநேரம் கழித்துத் திரும்பி வந்தவளின் முகம் கழுவப்பட்டிருந்தது.

"யாரு சிஸ்டர்?"

"சபை ஆபீஸ்லருந்து. ஏதோ கணக்கெடுக்கிறாங்க." அவள் துணியை எடுத்தாள், பிழிந்த துணியையே மீண்டும் பிழிந்தாள். "இன்னிக்குக் கொஞ்சம் சீக்கிரமாச் சமைச்சிடலாமா?"

"மணி பத்தரை."

"எனக்குப் பசிக்குது."

நக்காட்டோ வேலியோரம் சென்று சிஷாம்மாவிடம் தாழ்குரலில் ஏதோ சொன்னாள். சிறிது நேரத்தில் சிஷாம்மா வாயிற்படியில் வந்து நின்றாள். கேலி இல்லை. கையில், கால் கட்டிய கோழி ஒன்று.

"முட்டை போடறத நிறுத்திடுச்சு. சும்மா எதுக்குத் தீனி போடணும்? குழம்பு வெச்சிடலாம்" என்றாள். நேற்றுக் காலைதான் தொவேலா தன் கண்ணால் அக்கோழியின் கூட்டில் முட்டை கண்டிருந்தாள்.

படிப்போர் அறிதற்பொருட்டு இவ்விடத்தே ஒன்று சொல்லல் வேண்டும். ஏரிக்கரை மாந்தர் சாவுச்செய்தியை வெறும் வயிற்றில் விழவிடார். கேட்டபின், மண் மூடும்வரை, உரியவர் வாயில் ஒரு பருக்கையும் இறங்காது. ஆதலின், அறியாதிருக்கும்போதே அவரை அமர்த்தி, நல்லுணவு சமைத்து, வயிறு நிறைந்து கைகழுவியபின்னரே சொல்வர். தொலைவில் இருப்போர்க்கு நேரே சொல்லாமல், அருகில் இருப்பவருக்குச் சொல்லி, அவரைக்கொண்டு ஊட்டச் செய்வர். பதினான்கு அகவையில் தொவேலா அத்தகைய தட்டு ஒன்றைத் தானே ஏந்திச் சென்றிருக்கிறாள். கணவன் ஏரியிலிருந்து திரும்பாத பெண் ஒருத்தி, "மீன் நல்லா இருக்கே, யாருடி வெச்சது?" என்று கேட்டுக் கேட்டு உண்டதை, அவள் சுவரோரம் நின்று பார்த்திருக்கிறாள்.

எனவே அவள் அறிந்துகொண்டாள். அறிந்த அக்கணமே, உண்ணும்வரை எவரும் சொல்ல இயலாது என்பதையும் அறிந்தாள்.

"நான் இன்னிக்கு நோன்பு" என்றாள்.

நக்காட்டோ நிமிர்ந்தாள். "இன்னிக்கா? நேத்துச் சொல்லலையே."

"இப்பதான் முடிவு பண்ணேன். கபெம்ப்வா தாத்தாவோட நெஞ்சு நோவுக்காக." மறுமொழிக்கு இடங்கொடாமல் ஈரத்தரையிலேயே மண்டியிட்டாள், கண்களை இறுக மூடி, உரத்த குரலில், மாலைவரை நீரும் உணவும் தொடேன் என்று இறைவனுக்குச் சொன்னாள். சொல்லி முடித்துக் காத்திருந்தாள். "ஆமென் சொல்லுங்க சிஸ்டர்."

நக்காட்டோவின் உதடு அசைந்தது, ஓசை எழவில்லை.

"சொல்லுங்க."

"ஆமென்" என்றாள் நக்காட்டோ. கால் கட்டிய கோழி சிஷாம்மாவின் கையில் சிறகடித்தது. இறைவன்முன் தொடங்கிய நோன்பை முறிக்கச் சொல்ல எந்த நற்செய்திப் பணியாளராலும் ஆகாது.

ஓய்வுநாள் என்பதையும் பொருட்படுத்தாமல், தொவேலா பெயர்ப்பட்டையைக் குத்திக்கொண்டு, தோழியை இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். நின்றால் நினைவு வரும், ஆகவே நடந்தாள். கபெம்ப்வா என்னும் முதிய சுரங்கத்தொழிலாளி, நெஞ்சில் முப்பதாண்டுத் தூசு அடைத்துக்கிடக்க, வாயிலில் சாய்ந்திருந்தார். வழக்கமாய், "பாட வேணாம், படிச்சா போதும், உன் குரல் எனக்கு ஆகாது" என்று விரட்டுபவர், இன்று நாற்காலியை விட்டு எழ முயன்றார். அவர் மனைவி வேகவைத்த கிழங்கைத் தட்டில் கொண்டுவந்து, "ரெண்டே ரெண்டு எடுத்துக்கம்மா" என்றாள். நோன்பு என்று சொல்லி அவர்களுக்கு நீர் இறைத்துவைத்துவிட்டு நடந்தாள். அடுத்த தெருவில், ஏழு மாதமாய் அவர்களுக்குத் திறவாத பச்சைக் கதவு ஒன்று, தட்டுமுன்னரே திறந்தது. "உள்ள வந்து உக்காருங்க, கடலை வறுத்திருக்கேன்" என்றாள் பெயரறியாப் பெண்ணொருத்தி. நோன்பு என்று சொல்லி நடந்தாள். குழாயடியில் ஒருத்தி சோளக்கதிரை நீட்டினாள். செய்தி அவர்களுக்கு முன்னே நடந்துகொண்டிருந்தது. ஊர் முழுதும் அறிந்த ஒன்றை அறியாதவளாக இருக்க அவள் ஒருத்தியே ஓடிக்கொண்டிருந்தாள். நக்காட்டோவின் பைக்குள், வழிநெடுக, கைப்பேசி வண்டுபோல் முரன்று முரன்று ஓய்ந்தது.

யார்? அவ்வினா ஒன்றே அவளோடு வந்தது. தாயா, தந்தையா? வெயில் உச்சியில் நின்ற பொழுதில், தன் மனம் தானாகவே இருவரில் ஒருவரை ஒதுக்கி மற்றவரைத் தன்பால் இழுத்துக்கொண்டிருப்பதை அவள் கண்டாள். கண்டதும், யாரோ தன்னை ஆடையின்றிக் கண்டாற்போல் நாணி, நடையை விரைவாக்கினாள்.

பிற்பகல் மூன்றரைக்கு, உருக்காலைக் கசடு மலைபோல் குவிந்துகிடக்கும் வெளியருகே, நக்காட்டோ நின்றுவிட்டாள்.

"தொவேலா."

பட்டையில் இல்லாத அப்பெயர் அவள் வாயிலிருந்து அதுவரை வந்ததில்லை.

"அப்படிக் கூப்பிடாதீங்க" என்றாள் தொவேலா. "சொல்லாதீங்க. எதுவும் சொல்லாதீங்க."

"சொல்லமாட்டேன். நீ சாப்பிடாம சொல்லமாட்டேன்னு உன் சித்தப்பாவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"அப்ப நான் சாப்பிடலை. நாளைக்கும் சாப்பிடலை."

"உனக்குத் தெரியுது. தெரிஞ்சேதான் பண்ற."

"தெரியாது! யாருன்னு தெரியாது!"

நக்காட்டோ அவள் கையைப் பற்றினாள், அவள் உதறினாள், மீண்டும் பற்றினாள். "நான் ஒண்ணே ஒண்ணு சொல்றேன். அது சேதி இல்ல. உங்க ஊர்ல எல்லாரும் நிக்கிறாங்கடி. காலையில பதினொரு மணியிலருந்து. வெயில்ல, திறந்த குழியச் சுத்தி. மூத்த மகளுக்குச் சொல்லாம மண் தள்ளமாட்டோம்னு நிக்கிறாங்க. உன் சித்தப்பா இருபது தடவ கூப்பிட்டுட்டாரு, 'புள்ள சாப்பிட்டுச்சா, புள்ள சாப்பிட்டுச்சா'ன்னு. நான் என்னன்னு சொல்லட்டும்? நோன்பு இருக்கான்னு சொல்லட்டுமா?"

தொவேலா அசையாமல் நின்றாள். லுவாவில் பொழுது சாய்ந்தபின் எவரையும் அடக்கம் செய்வதில்லை என்பது அவள் நினைவுக்கு வந்தது. இந்த வெயிலில் இன்னொரு நாள் வைத்திருக்கவும் இயலாது. நேரில் போகவோ மூன்று நாள் வழி. சாவைத் தான் தடுத்துவைத்திருப்பதாக அவள் எண்ணியிருந்தாள். உண்மையில் அவள் தடுத்துவைத்திருந்தது மண்ணை. பெற்றோருள் ஒருவர், மூடாத பேழையில், முதியோரும் கைக்குழந்தை ஏந்தியோரும் சூழ, அவள் ஒரு கவளம் உண்பதற்காகக் காத்திருந்தார்.

அவள் திரும்பி நடந்தாள். நடந்தவள் ஓடினாள். பின்னால் நக்காட்டோவும் ஓடினாள்.

சிஷாம்மா முற்றத்தில் பாய் விரித்து அமர்ந்திருந்தாள். கோழிக் குழம்பு இருமுறை சூடேறி வற்றியிருந்தது; சோளக்களி ஈரத்துணியால் மூடியிருந்தது. தொவேலா முழங்கால் மடித்து அமர்ந்து, வானை நோக்கி, சொன்ன சொல்லை மீறுவதற்கு இறைவனிடம் ஒரே வரியில் பொறுத்தல் வேண்டினாள். சிஷாம்மா அவள் கைகளில் நீர் ஊற்றினாள்.

"மெதுவாச் சாப்பிடு. குழம்புக்கு உப்பு பத்தலைன்னா என்னத் திட்டு. உன் சாமிகிட்ட சொல்லிடாத."

கேலிதான், ஆயினும் சொன்னவளின் குரல் நடுவில் உடைந்தது. தொவேலா களியைக் கிள்ளி உருட்டினாள், குழம்பில் தோய்த்தாள், வாயிலிட்டாள். விழுங்கினாள். நெடுநேரம் மறுத்ததற்கு ஈடுசெய்வாள் போல, ஒரு துணுக்கும் மிச்சம் வைக்காமல் உண்டாள். தட்டைத் துடைத்தாள். கைகழுவினாள்.

"சொல்லுங்க" என்றாள்.

"உங்கப்பா" என்றாள் நக்காட்டோ. "நேத்து விடியக்காலைல. படகக் கரையில இழுத்துப் போட்டுட்டு, கொஞ்சம் உக்கார்றேன்னு உக்காந்தாராம். அவ்வளவுதான். ஏரிக்குள்ள இல்ல தொவேலா. கரையிலதான்."

சிஷாம்மா இரு கைகளாலும் அவளை அணைத்தாள். அழுகை வந்தது, அது முற்றத்தைக் கடந்து தெருவுக்குச் சென்றது. காத்திருந்தாற்போல் அண்டைவீட்டுப் பெண்டிர் ஒவ்வொருவராய் உள்ளே வந்து, இடுப்புத்துணியை இறுக்கிக்கொண்டு, வெறுந்தரையில் அமர்ந்தனர். பச்சைக் கதவு வீட்டாளும் வந்திருந்தாள்.

கைப்பேசியை நக்காட்டோ அவள் செவியில் வைத்தாள். பாறைமேட்டின் காற்று கேட்டது. பின்னர் தாயின் குரல், பாடிப் பாடித் தேய்ந்து, நூல்போல் வந்தது.

"தொவேலா. பக்கத்துல ஆளு இருக்கா?"

"இருக்காங்கம்மா. நிறையப் பேரு."

"உனக்காகத்தான்டி வெச்சிருக்கோம். பொழுது போகுது. நீ சொல்லு."

"அம்மா, நான் வேணும்னேதான்..."

"தெரியும்" என்றாள் தாய். "உன் சித்தப்பாவுக்குத்தான் தெரியல. இருக்கட்டும். கூட ஒரு பகல் வெச்சுப் பாத்தோம் அவரை. நீ சொல்லு கண்ணு."

தொவேலா தான் அமர்ந்திருந்த செம்மண்ணில் கை வைத்தாள். அது இன்னும் சுட்டது.

"மூடுங்கம்மா" என்றாள்.

இரு நாட்டு எல்லையையும் மூன்று நாள் வழியையும் கடந்து, முதல் மண் பேழைப் பலகையில் விழும் ஓசை அவள் செவியை அடைந்தது, அதன்பின் இன்னொன்று, அதன்பின் எண்ண இயலாதபடி பல. அவ்வோசைக்கு மேலாக அங்கே பெண்டிரின் பாட்டு எழுந்தது. முற்றத்தில் இருந்தோர்க்கு அம்மொழி தெரியாது. எனினும் பாட்டு எவ்விடத்தில் தாழ்கிறது என்பதை அறிந்து, அவ்விடத்தில் அவர்களும் தாழ்குரலில் முனகினர்.

சொல்லைத் தள்ளிவைத்தலால் சாவு தள்ளிப்போவதில்லை. அதை அவள் அறிவாள், நாமும் அறிவோம். ஆயினும் லுவாவின் மேட்டில் ஓர் ஊர், காரணம் கேளாமல், கடிந்துரையாமல், மகள் ஒருத்தி உண்டு முடிக்கும்வரை ஒரு பகல் முழுதும் வெயிலில் நின்றது.