முப்பதுக்கு இருபத்தேழு

டீச்சரைப் பற்றி மற்ற ஆசிரியர்களுக்கு இருந்த ஒரே வயிற்றெரிச்சல், அவர் வகுப்பில் யாரும் ஃபெயில் ஆனதே இல்லை என்பதுதான். முப்பத்தொரு வருடம் கணக்குப் பாடம். தலைமையாசிரியரே கைகழுவிவிட்ட பிள்ளைகளைக்கூட உட்கார வைத்து, உருட்டி மிரட்டி, கெஞ்சிக் கொஞ்சி, எப்படியாவது முப்பத்தைந்து வாங்க வைத்துவிடுவார். ஓய்வுபெற்று ஒன்பது வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் அடுக்குமாடியில் எல்லாருக்கும் அவர் டீச்சர். தாலி கட்டியவருக்கும் டீச்சர்.

தாலி கட்டியவர் லிஃப்ட் மெக்கானிக். நாற்பது வருடம் கிரீஸும் கையுமாக உயரமான கட்டடங்களின் உச்சியில் குந்தியிருந்தவர். லிஃப்ட்காரர் என்றால்தான் யாருக்கும் தெரியும். போன வருடம் ஒரு மத்தியானம் அவரைக் காணோம். தேடு தேடு என்று தேடினால், இரண்டு தெரு தள்ளி, முன்பின் தெரியாத ஓர் அலுவலகக் கட்டடத்தின் மொட்டைமாடி மெஷின் அறையில் உட்கார்ந்து, அங்கிருந்த காவலாளிக்கு பிரேக்கைச் சரிபார்க்கச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். காவலாளி அவரை கம்பெனி ஆள் என்று நினைத்து டீ வேறு வாங்கிக் கொடுத்திருந்தார். இப்படி மூன்று முறை ஆனபிறகு டாக்டரிடம் போனார்கள். டாக்டர் படம் எடுத்தார், ரத்தம் எடுத்தார், மூன்று வாரம் எடுத்தார். கடைசியில் டிமென்ஷியா என்றார்.

"இது சரியாகாதும்மா. மெதுவா கூடும். ஆனா நீங்க தனியா கஷ்டப்பட வேண்டாம், உதவி இருக்கு" என்று சொல்லி ஒரு தாளை நீட்டினார். அதில் ஏழு தொலைபேசி எண்கள் இருந்தன.

அந்த ஏழு எண்களின் கதையைச் சொன்னால் பொழுது போய்விடும். முதல் எண் அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டாவது எண்ணில் எடுத்தவர் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்பவர். பாவம், நல்ல மனிதர், "உங்க வீட்டுக்காரருக்கு எப்படிம்மா இருக்கு" என்று அக்கறையாக விசாரித்தார். ஏழு எண்களிலும் அக்கறையாகப் பேசியது அவர் ஒருவர்தான். மூன்றாவதில் நாற்பது நிமிடம் இசை வந்தது. லிஃப்ட்காரர் அதற்குத் தொடையில் தாளம் போட்டு, "நல்லாத்தான் இருக்கு டீச்சர், வெச்சிடாதே" என்றார். நான்காவதில் முதல் எண்ணைக் கூப்பிடச் சொன்னார்கள்.

டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டு, இந்த உதவிக்கெல்லாம் விண்ணப்பம் வாங்கும் அரசு அலுவலகத்துக்கே நேராகப் போனார். நான்காம் ஜன்னலில் இருந்த குமாஸ்தா, விண்ணப்பத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல அவரே கையெழுத்துப் போடணும்மா. எனக்கு மறதி நோய் இருக்குன்னு தெரிஞ்சுதான் விண்ணப்பிக்கிறேன்னு ஒரு வரியும் எழுதணும்."

"அது அவருக்குத் தெரிஞ்சா நான் ஏம்ப்பா இங்க வந்து நிக்கிறேன்?"

"விதி அப்படிம்மா. முப்பது நாளுக்குள்ள கொடுத்துடுங்க. மறந்துட்டீங்கன்னா மறுபடி முதல்ல இருந்து."

இத்தனை பாட்டையும் டீச்சர் பட்டதற்குக் காரணம் இருந்தது. அவருடைய இடது கண்ணில் புரை முற்றிவிட்டது. வலது கண்ணிலும் தொடங்கிவிட்டது. அறுவை சிகிச்சைக்கு இரண்டு முறை தேதி கொடுத்தார்கள், இரண்டு முறையும் அவர் போகவில்லை. போனால் பதினைந்து நாள் குனியக்கூடாது, அலையக்கூடாது. அதுவரை லிஃப்ட்காரரை யார் பார்த்துக்கொள்வது? பிள்ளை என்று சொன்னால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்தான். தங்கை ஒருத்தி வெளியூரில், மாமியாரும் மூட்டுவலியுமாக. மூன்றாவது தேதியையும் தவறவிட்டால் பெயர் பட்டியலின் கடைசிக்குப் போய்விடும், ஒரு வருடம் ஆகும் என்று கண் மருத்துவமனை நர்ஸ் கறாராகச் சொல்லிவிட்டாள். டீச்சர் இதை லிஃப்ட்காரரிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஆகவே, தேவை ஒன்றே ஒன்று. பகல் பராமரிப்பு இல்லம் ஒன்று இருந்தது. வாரத்தில் மூன்று நாள் வண்டி வந்து கூட்டிக்கொண்டு போய், சாயங்காலம் கொண்டுவந்து விடும். அறுவை சிகிச்சை மாதிரி நேரத்தில் பதினைந்து நாளும் வைத்துக்கொள்வார்கள். அதற்கு, ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்து அவரை மதிப்பீடு செய்து, உதவி தேவைதான் என்று எழுத வேண்டும்.

டீச்சர் சொல்லச் சொல்ல லிஃப்ட்காரர் அந்த ஒரு வரியை எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார், விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. மதிப்பீட்டில் என்ன கேட்பார்கள் என்று டீச்சர் விசாரித்தார். இன்று என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி, மூன்று சொற்களை நினைவில் வைத்துச் சொல், கடிகாரம் வரை. மொத்தம் முப்பது மதிப்பெண்.

மதிப்பெண் என்ற சொல் டீச்சர் காதில் விழுந்திருக்கவே கூடாது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று சும்மாவா சொன்னார்கள்? மறுநாள் காலையிலேயே பரணிலிருந்து பழைய கரும்பலகை இறங்கிவிட்டது.

"தொண்ணூத்து மூணு, எண்பத்தாறு, எழுபத்தொன்பது. சொல்லுங்க."

"எதுக்கு டீச்சர்?"

"வீட்டுக்கு ஒரு அம்மா வர்றாங்க. கேட்பாங்க."

"அவங்களுக்குக் கழிக்கத் தெரியாதா?"

பத்து நாள் பயிற்சி. நாற்பது கடிகாரம். குளிக்கும்போதும் தொண்ணூற்று மூன்று, சாப்பிடும்போதும் எண்பத்தாறு. எதற்காக இதைச் செய்கிறோம் என்று டீச்சர் ஒரு நிமிடம் யோசித்திருந்தால் போதும். கணக்கு டீச்சருக்கு இந்த ஒரு கணக்கு மட்டும் ஏறவில்லை. வருகிறவள் முன்னால் தன் மனிதர் பேந்தப் பேந்த விழிக்கக்கூடாது, அவ்வளவுதான் அவர் மனதில் இருந்தது.

மதிப்பீட்டு அதிகாரி வந்தாள். முப்பது வயது இருக்கும்; தோளில் கனமான பை, முகத்தில் மூன்று வீடு ஏறி இறங்கிய களைப்பு. லிஃப்ட்காரர் சலவைச் சட்டையில் மாப்பிள்ளை போல உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, எப்படி இருக்கீங்க?"

"தொண்ணூத்து மூணு" என்றார் அவர். அவள் ஏதோ வேடிக்கை என்று நினைத்துச் சிரித்துவிட்டாள்.

கிழமையைக் கேட்டாள். அவர் நிமிர்ந்து அவள் தோளுக்கு மேலே பார்த்தார். அங்கே டீச்சர் காபித் தட்டுடன் நின்று, சத்தம் வராமல் உதட்டை அசைத்தார். "வியாழன்" என்றார் அவர். மாதமும் அப்படியே, வருடமும் அப்படியே. கடிகாரத்தை நாற்பத்தோராவது முறையாக வரைந்தார். மூன்று சொற்களில் குடை, சாவி வரை வந்து நின்றபோது, டீச்சர் மூன்றாவதற்காகச் சமையலறையிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்திருந்த எலுமிச்சம்பழத்தைச் சற்றே தூக்கிக் காட்டினார். பரீட்சை ஹாலில் முப்பத்தொரு வருடம் பிட் பிடித்த கை அது.

அப்புறம் அவள் தெரியாத்தனமாக, "என்ன வேலை பார்த்தீங்க ஐயா?" என்று கேட்டுவிட்டாள். இருபது நிமிடம். கயிறு, எதிர் எடை, பிரேக், கதவு சென்சார் எல்லாம் தங்குதடை இல்லாமல் வந்தது. அவள் வாயைப் பிளந்து கேட்டாள். கிளம்பும்போது, "உங்களுக்கு ஏதாவது கஷ்டம் இருக்காம்மா? உங்களுக்குன்னு தனியா ஒரு பக்கம் இருக்கு" என்றாள். "எனக்கு என்ன குறை? நல்லா இருக்கேன்" என்று டீச்சர் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்தவர்களிடம் வேறு என்ன சொல்வதாம்?

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. டீச்சர் நல்ல கண்ணுக்கு அருகே வைத்துப் படித்தார். முப்பதுக்கு இருபத்தேழு. சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் அவருக்குப் பூரிப்புத்தான் வந்தது. இரண்டாவதாக, அந்த மூன்று மார்க் எங்கே போயிற்று என்று கோபம் வந்தது. மூன்றாவதாகத்தான் கீழே இருந்த வரி கண்ணில் பட்டது: தங்கள் கணவரின் நிலை திருப்திகரமாக இருப்பதால் தற்போது எவ்வித உதவியும் தேவையில்லை.

தங்கையிடம் தொலைபேசியில் சொன்னார்.

"அக்கா, நீ அவரை பாஸ் பண்ண வெச்சிட்டியா?"

"பழக்க தோஷம்டி."

"உன் தலையில நீயே மண்ணை வாரிப் போட்டுக்கிட்ட. இப்ப கண்ணுக்கு என்ன பண்ணப் போற?"

கண் தேதிக்கு இருபத்தாறு நாள்தான் இருந்தது. அன்று மத்தியானம் லிஃப்ட்காரர் மறுபடி நழுவிவிட்டார். டீச்சர் நான்கு மாடியையும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியையும் காலால் தடவித் தடவி இறங்கி, பக்கத்துக் கட்டடத்து லிஃப்டுக்குள் அவரைப் பிடித்தார். ஏறி இறங்கும் எல்லாருக்கும் அவர் பொத்தான் அழுத்திக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் நான்காம் ஜன்னல்.

"மேல்முறையீடு செய்யணும்."

"காரணம் எழுதணும்மா."

டீச்சர் பேனாவை வாங்கி, தலையெழுத்தே கோணினாலும் கோணாத தன் கையெழுத்தில் எழுதினார்: முந்தைய மதிப்பீட்டில் முறைகேடு நடந்தது. செய்தது நான். பதில்களை உதட்டில் சொன்னேன், எலுமிச்சம்பழத்தைத் தூக்கிக் காட்டினேன். குமாஸ்தா அதை இரண்டு தரம் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இருபத்திரண்டு வருஷமா இந்த ஜன்னல்ல இருக்கேன். நோய் அதிகமா இருக்கற மாதிரி நடிச்சவங்களைப் பார்த்திருக்கேன். இப்படி ஒருத்தரைப் பார்த்ததில்லம்மா" என்றார். ஆனால் முத்திரையை ஓங்கிக் குத்தி, அவசரம் என்று அவரே சிவப்பு மையில் எழுதினார். நல்ல மனிதர்கள் ஜன்னலுக்குப் பின்னாலும் இருக்கத்தான் செய்கிறார்கள், நாம் சரியான காரணத்தோடு போக வேண்டும்.

அதே பெண்தான் மறுபடி வந்தாள். இந்த முறை வந்ததும் வராததுமாக, டீச்சருக்கு ஒரு நாற்காலியைத் தன் பக்கத்திலேயே போட்டாள். "நீங்க இங்க உட்காருங்கம்மா. காபி வேண்டாம். எலுமிச்சையும் வேண்டாம்."

"என்ன கிழமை ஐயா?"

லிஃப்ட்காரர் டீச்சரின் உதட்டைப் பார்த்தார். டீச்சர் தரையைப் பார்த்தார்.

"என்ன மாதம்?"

அவர் காத்திருந்தார். பதில் டீச்சரின் நாக்கு நுனியில் நின்று துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தரை ஓடுகளை எண்ணினார். கடிகாரம் வரையச் சொன்னபோது அவர் பெரிதாக ஒரு சதுரம் போட்டு, பன்னிரண்டு எண்களையும் கீழிருந்து மேலாக அடுக்கி, அடியில் கதவு திறக்கும் பொத்தானும் அபாய மணியும் வைத்தார். பொத்தான்கள் அச்சடித்த மாதிரி இருந்தன. மூன்று சொற்களில் ஒன்றும் வரவில்லை. அப்போது அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"டீச்சர், என் மேல கோபமா?"

டீச்சரால் அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குப் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பாழாய்ப்போன பரீட்சையை எழுதுகிறவரும் சரி, எழுத வைக்கிறவரும் சரி, இப்படித் தவிக்க வேண்டுமா?

கூடத்தில் லிஃப்ட்காரர் நாற்காலியை இழுத்து அந்தப் பெண்ணின் அருகே போட்டுக்கொள்வது கேட்டது.

"அவ போய்ட்டாளா? நல்லது. நீங்க அவளுக்காகத்தானே வந்திருக்கீங்க?"

"யாருக்காக ஐயா?"

"டீச்சருக்காக. எனக்குத் தெரியும், நானே யாரையாவது கூப்பிடணும்னு இருந்தேன். யாரைக் கூப்பிடறதுன்னு தெரியல. அவளுக்கு முடியல. இடது கண்ணு தெரியல அவளுக்கு. யார்கிட்டயும் சொல்ல மாட்டா. படியைக் காலால தடவி இறங்கறா. நேத்து காபியில உப்பு போட்டா, நான் ஒண்ணும் சொல்லல, குடிச்சிட்டேன். சரியா தூங்கறதில்ல, சாப்பிட மறந்துடறா. தனக்குத்தானே தொண்ணூத்து மூணு, எண்பத்தாறுன்னு பேசிக்கிறா."

"அப்படியா?"

"எழுதிக்கோங்க. பகல்ல அவளை எங்கயாவது கொண்டுபோய் உட்கார வைங்க. வீட்டை நான் பார்த்துக்கறேன்."

சமையலறையில் டீச்சர் கண்ணைத் துடைத்தார். ஒன்று தெரியாத கண், ஒன்று அரைகுறை. இரண்டிலும் ஒரே மாதிரி தண்ணீர் வந்தது. காபியில் உப்பு என்பது அவருக்கே இப்போதுதான் தெரியும்.

அந்தப் பெண் எழுந்து வந்து சமையலறை வாசலில் நின்றாள். கையில் போன முறை காலியாக விட்ட பக்கம் இருந்தது.

"அவர் சொல்றது உண்மையாம்மா?"

எனக்கு என்ன குறை, என்று நாக்கு தானாகத் தொடங்கியது. டீச்சர் அதை நிறுத்தினார்.

"உண்மைதான். என்னால முடியல" என்றார்.

ஒன்பதாம் நாள் கடிதம் வந்தது. முப்பதுக்கு எட்டு. முப்பத்தொரு வருடத்தில் டீச்சர் கையில் முதல் ஃபெயில். வாரம் மூன்று நாள், அறுவை சிகிச்சையை ஒட்டிப் பதினைந்து நாள் என்று அடியில் எழுதியிருந்தது. டீச்சர் அதை மடித்து, தன் கண் மருத்துவமனைச் சீட்டோடு சேர்த்து வைத்தார்.

குறித்த நாளில் வண்டி வந்தது. கைப்பையோடு கிளம்பி நின்ற டீச்சரும், முந்தின நாள் வந்து இறங்கிய தங்கையும் அவரை வாசல்வரை கூட்டிவந்தார்கள். வண்டியில் வந்த உதவியாளர் கதவைத் திறந்தார்.

"அங்க லிஃப்ட் இருக்கா?" என்று லிஃப்ட்காரர் கேட்டார்.

"இல்லங்க ஐயா, தரைத்தளம் மட்டும்தான்."

"அப்ப எதுக்கு என்னைக் கூப்பிட்டீங்க?" அவர் டீச்சர் பக்கம் திரும்பினார். "சரி, நான் போய்ட்டு வரேன். இவளை ஜாக்கிரதையா பார்த்துக்கோங்க. கண்ணு தெரியாது."

உதவியாளர் பட்டியலை எடுத்தார். "ஐயா, உங்க பேரு?"

லிஃப்ட்காரர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. பழக்கப்படி டீச்சரின் உதட்டைப் பார்த்தார்.

இது பரீட்சை இல்லையே. டீச்சர் உதட்டை அசைத்து, ஒவ்வோர் எழுத்தாக, அவர் பெயரைச் சொல்லிக்கொடுத்தார்.