முழங்கால் வரைக்கும்

நவமணி தன் புருஷனுக்குச் சேலை கட்டிவிட்டது அன்றுதான் முதல் தடவை. மலையூரான பிரிஞ்சாங்கில் ஓட்டல் ஒன்றின் பின்கட்டு அறையில் இராமையா கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றான். அவள் கொசுவம் மடித்துச் செருகினாள், டோப்பாவைத் தலையில் கவிழ்த்துப் பின்கழுத்தில் முடிச்சுப் போட்டாள். வழக்கமாக வேஷம் கட்டிவிடும் ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டான். இல்லாவிட்டால் அவள் கூத்துக்காரர்களோடு லோரியில் ஏறி வந்திருக்கவே மாட்டாள்.

எட்டு வருஷமாகத் தோட்டத்துக் கோயில் திருவிழாக் கூத்தில் இராமையாதான் பாஞ்சாலி. தேயிலைத் தொழிற்சாலையில் மூட்டை தூக்குகிறவன் சேலை கட்டிக்கொண்டு அழுதால் ஜனமும் கூட அழும். மறுநாள் கொழுந்து பறிக்கும்போது அதே ஜனம் அவளிடம், "உங்க வூட்டுல யாரு லா பொம்பள?" என்று கேட்டுச் சிரிக்கும். கல்யாணமான வருஷமே அவள் சொல்லிவிட்டாள், கூத்துப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டேன் என்று. சொன்னபடியே கூத்தன்று கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவாள். ஆனால் ஒத்திகையெல்லாம் அந்த ஒற்றை அறை லைன் வீட்டில்தான். அவன் பாடிப் பாடி அவளுக்கும் அத்தனையும் மனப்பாடம். துணி துவைக்கும்போது வாய் தானாக முணுமுணுக்கும். யாராவது வந்தால் நிறுத்திக்கொள்வாள்.

எழுபத்தொன்பதாம் வருஷம் அது. ஓட்டலில் தங்க வந்திருந்த நாற்பது வெள்ளைக்காரர்களுக்கு உள்ளூர் ஆட்டம் ஒன்று காட்டவேண்டுமென்று ஓட்டல் மேனேஜர் தோட்டத்துத் துரையிடம் கேட்க, துரை தன் கணக்கரான கிராணியிடம் சொல்ல, கிராணி இராமையாவைத் தேடி வந்தார். கால்மணி நேரம்தான் என்றார். விடிய விடிய ஆடுகிற கூத்தில் சபைக் காட்சியையும் சபதத்தையும் மட்டும் வெட்டியெடுத்தார்கள். மத்தளம் அடித்துப் பாடுகிற சுப்பனுக்கு, பாஷை தெரியாதவர்களிடம் என்னத்தைப் பாடுவது என்று கவலை. இராமையாவோ நாலு நாளாகத் தரையில் நடக்கவில்லை. "கண்ணு இருக்குல்ல, பாக்கட்டும்" என்றான்.

மாலை நான்கு மணிக்குப் புல்வெளியில் தேநீர்க் கோப்பைகளோடு வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். திரையாகக் கட்டியிருந்த படுக்கை விரிப்புக்குப் பின்னால் நின்று நவமணி இடுக்கு வழியாகப் பார்த்தாள். பாஞ்சாலி வந்ததும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். துச்சாதனன் வேஷம் கட்டிய கருப்பையா அன்றைக்கு இருந்த உற்சாகத்தில் கொஞ்சம் பலமாகவே கூந்தலைப் பிடித்து இழுத்தான். டோப்பா கையோடு வந்துவிட்டது.

எண்ணெய் தடவிய கிராப்புத் தலையோடு பாஞ்சாலி நின்றாள். புல்வெளி முழுக்கச் சிரிப்பு. சுப்பனின் கை மத்தளத்தில் அப்படியே நின்றது. கருப்பையா டோப்பாவைச் செத்த கோழிபோலத் தூக்கிப் பிடித்திருந்தான்.

அந்த முடிச்சைப் போட்டது அவள். இராமையாவின் தோள்கள் தொய்ந்து, சேலைக்குள் அவன் சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்த்தாள். எட்டு வருஷமாகத் தன்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பும் இதுதான் என்று தோன்றியது. அடுத்தது சபதப் பாட்டு. எடுக்க ஆளில்லை.

அவள் எடுத்தாள். விரிப்புக்குப் பின்னாலிருந்து, மலைச்சரிவில் தூரத்து ஆளைக் கூப்பிடுகிற குரலில், முதலடியை உச்சத்தில் பிடித்தாள். சுப்பன் திடுக்கிட்டுத் திரும்பினான். மறுகணம் அவன் கை தானாக மத்தளத்தில் இறங்கியது.

இராமையா நிமிர்ந்தான். இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோய், இல்லாத கூந்தலை அள்ளினான். கனம் தாங்காதவன்போல அதைத் தோளுக்கு முன்னால் வழியவிட்டு, பிரித்து, உதறினான். இனி கூந்தலை முடியமாட்டேன் என்று சபை நோக்கிக் கை நீட்டினான். சிரிப்பு எப்போது அடங்கியது என்று நவமணிக்குத் தெரியவில்லை. பாட்டு முடிந்தபோது காற்றில் விரிப்பு படபடப்பது கேட்டது. பிறகு முன்வரிசையில் ஒருத்தர் எழுந்தார், அவரைப் பார்த்து எல்லோரும் எழுந்தார்கள். கைதட்டல் நிற்கவேயில்லை.

கிராணி வேர்க்க விறுவிறுக்கப் பின்பக்கம் ஓடிவந்தார். "நவமணி, பாடுனவங்களப் பாக்கணும்னு ஒரு அம்மா நிக்கிறாங்க. வெளிய வா."

நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்காரம்மா. நவமணியின் கையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் ஏதோ பேசினார். கிராணி முழித்தார்.

"கூத்துல வர்ற அந்தப் பொண்ணோட முடி எம்புட்டு நீளம்னு கேக்குறாங்க."

நவமணி யோசிக்கவேயில்லை. குனிந்து தன் முழங்காலைத் தொட்டுக் காட்டினாள்.

திரும்பும்போது லோரியில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பாதி அழிந்த அரிதாரத்தோடு இராமையா மட்டும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்ப புள்ள கத்துக்கிட்ட?"

அவள் சுப்பனைப் பார்த்து, "அண்ணே, மிச்சத்தையும் அடிங்க" என்றாள்.

திரிங்காப் வளைவில், சரிவிலிருந்த முட்டைக்கோஸ் பாத்திகளில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்து, தொப்பியைப் பின்னுக்குத் தள்ளி, பாட்டு வரும் திசையைத் தேடினார்கள்.