கோபத்தின் எலும்பு வயது

எங்கள் மாவட்டத்தில் ஒரு பிள்ளை குற்றம் செய்தால், பிள்ளையோடு சேர்த்து அதன் கோபத்தையும் பிடித்து வருவார்கள். இரண்டையும் தனித்தனியாக விசாரித்து இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அறிக்கை கொடுப்பது உளவியலாளரான என் வேலை. பிள்ளைகள் லேசில் வாய் திறக்க மாட்டார்கள். கோபங்கள் பரவாயில்லை, கிரேயான் கொடுத்தால் ஒத்துழைக்கும்.

பெரும்பாலான கோபங்கள் சிறியவை. செல்போன் திருடிய ஒரு பையனுடையது டிபன் பாக்ஸில் வந்தது. வாத்தியாரின் ஸ்கூட்டர் டயரைக் கிழித்தவனுடையது பூனையளவு. நான் கேள்வி கேட்கிற நேரமெல்லாம் மேசைக்கடியில் என் செருப்பைக் கடித்துக்கொண்டிருந்தது. கோபம் சிவப்பாக இருக்கும் என்று நினைப்பவர்கள் இந்தத் துறைக்குப் புதியவர்கள். அது மண் நிறம். வெயிலில் நிறுத்தினால் கொஞ்சம் பச்சை தெரியும்.

தர்ஷிகாவின் கோபம் குட்டியானை என்கிற சின்ன லாரியில் வந்தது. வளர்ந்த எருமைக் கிடாரி அளவு இருந்தது. கூர்நோக்கு இல்லத்தின் வாசலுக்குள் நுழையவில்லை என்பதால் ஜன்னல் கம்பிகளைக் கழற்றி உள்ளே இறக்கினோம். பதினாறு வயதுத் தர்ஷிகா கல்யாணப் பட்டுப்புடவையோடு பக்கத்தில் நின்று, "மெதுவா இறக்குங்க, அதுக்கு இடுப்பு வலிங்க" என்று காவலர்களை அதட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணை எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

அவள் மேலுள்ள வழக்கு இதுதான். தாலி கட்டுகிற நேரத்தில் மணவறையிலிருந்து எழுந்து வெளியே போய், சாலை வேலைக்காக நிறுத்தியிருந்த ரோடு ரோலரில் ஏறி, அதைப் பந்தல் வழியாக மண்டபத்துக்குள் ஓட்டிவிட்டாள். ரோடு ரோலரின் வேகம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பந்தியில் இருந்தவர்கள் பாயசம் வரை சாப்பிட்டு, இலையை மடித்து, கை கழுவிவிட்டு ஒதுங்கினார்கள். பழக்க தோஷத்தில் சிலர் அட்சதையும் போட்டார்கள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. சீர்வரிசைப் பாத்திரங்களும் மாப்பிள்ளை காரும் மட்டும் தட்டையாயின. காரைப் பாய்போலச் சுருட்டிக் குழுமத்தின் மூலையில் சாத்திவைத்திருக்கிறார்கள். நாற்காலி போதாத நாட்களில் அதை விரித்து உட்காருகிறோம். ரோடு ரோலர் வாசலில் நிற்கிறது.

பதினாறு வயதுப் பெண்ணுக்குக் கல்யாணம் செய்யப் பார்த்த அவளுடைய அப்பா செங்கோட்டுவேலு மீதும் மாப்பிள்ளை வீட்டார் மீதும் தனி வழக்கு இருக்கிறது. அது வேறு மேசை.

எங்கள் மேசையின் விதி எளிமையானது. பிள்ளை, கோபம் இரண்டில் எது மூத்ததோ அதன் வயதுதான் வழக்கின் வயது. கோபம் பதினெட்டைத் தாண்டியிருந்தால் பிள்ளை பெரிய கோர்ட்டுக்குப் போகவேண்டும், அங்கிருந்து பெரிய ஜெயிலுக்கு. ஆகவே அரசு ஆஸ்பத்திரியில் கோபத்தின் முன்னங்காலைத் தட்டில் வைத்து எக்ஸ்ரே எடுத்தோம். மூச்சை அடக்கச் சொன்னபோது சமர்த்தாக அடக்கியது. மூட்டுகளெல்லாம் எப்போதோ கூடிவிட்டன, இருபத்தைந்துக்குக் குறையாது என்றார் டாக்டர்.

தர்ஷிகா என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். தன்னை ஜெயிலில் போட்டால் கோபத்துக்கு யார் சோறு வைப்பார்கள் என்று மட்டும் கேட்டாள். இருவருக்கும் தாளும் கிரேயானும் கொடுத்து, ஒரு வீடு வரையச் சொன்னேன். அவள் ஓட்டு வீடும் அதற்குள் பெரிய பரணும் வரைந்தாள். கோபம் நூல் மில் ஒன்றை வரைந்தது. வாசலில் ரெட்டைச் சடையோடு ஒரு சிறுமி நின்றாள். வரைந்து முடித்ததும் பச்சை கிரேயானைத் தின்றுவிட்டது.

தர்ஷிகா மில் பக்கமே போனதில்லை.

குழுமம் கூடிய அன்று அரசு வழக்கறிஞர் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, பெண்ணைப் பெரிய கோர்ட்டுக்கு அனுப்பச் சொன்னார். நடுவர் அம்மா பேனாவைத் திறந்தார். வழக்கப்படி பிள்ளையின் காப்பாளர் என்று அப்பாவின் பெயரை டவாலி மூன்று முறை கூப்பிட்டார். செங்கோட்டுவேலு தலைமறைவாகி எவ்வளவோ நாளாகிறது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அவரைக் கூப்பிட்டு, வராததைக் குறித்துக்கொண்டு மேலே போவதுதான் எங்கள் பழக்கம். அம்மாக்களைக் கூப்பிடும் பழக்கம் இல்லை. அவர்கள் சைக்கிள் ஸ்டாண்டில் நிற்பார்கள்.

நான் எழுந்து, இன்றைக்கு அம்மாவைக் கூப்பிட்டுப் பார்க்கலாம் என்றேன். டவாலிக்கு அவர் பெயர் தெரியவில்லை. தர்ஷிகாதான் சொன்னாள், பூங்கோதை என்று.

தூக்குவாளியோடு பூங்கோதை உள்ளே வந்தார். அதுவரை சுவரோரம் படுத்திருந்த கோபம் எழுந்தது. கார்மேல் உட்கார்ந்திருந்தவர்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள். அது நேராகப் போய் அவருடைய தோளில் தாடையை வைத்தது. அவர் தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு அதன் நெற்றியைச் சொறிந்தார்.

"இது உங்களுடையதா?" என்று நடுவர் கேட்டார்.

"ஆமாங்க. எட்டாவது படிக்கிறப்போ என்னைய மில்லுக்கு அனுப்பினாங்க. அன்னைக்குப் பொறந்ததுங்க இது. கட்டிக்கிட்டு வந்த வீட்ல இதைக் கீழ விடக்கூடாதுன்னுட்டாங்க. பரண்ல ஏத்தினேன். ஏறிப் பாக்க நேரமே இல்லாமப் போச்சுங்க." அதன் கழுத்தைத் தடவிப் பார்த்தார். "நல்லா வளந்திருக்குதுங்க."

"நான்தான் சோறு வெச்சேன்" என்றாள் தர்ஷிகா.

காணாமல் போன பொருளை உரியவரிடம் ஒப்படைக்க நடுவர் அங்கேயே உத்தரவிட்டார். வழக்கறிஞர் விடவில்லை. கோபம் அம்மாவுடையது என்றால் ரோடு ரோலரை ஓட்டியது யாருடைய கோபம் என்று கேட்டார்.

"அது பின்னாடி சும்மாதாங்க உக்காந்திருந்துச்சு. ஓட்டினது நான்" என்றாள் தர்ஷிகா.

அப்படியானால் அவளுக்கென்று ஒரு கோபம் இருந்தாக வேண்டும். தேடினோம். பூங்கோதைதான் மகளைத் திருப்பி நிறுத்தி, கல்யாணத்துக்குப் பின்னியபடியே இருந்த சடையை அவிழ்த்தார். குஞ்சலத்துக்குள் கோழிக்குஞ்சு அளவில் ஒன்று சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. கண் இன்னும் திறக்கவில்லை. ரோடு ரோலரின் மேல்தான் பிறந்திருக்கிறது, டீசல் வாசனை போகவில்லை. என் கையில் வைத்தார்கள். அத்தனை பேர் நடுவில் நான் சிரித்துவிட்டேன், கண்ணீரும் வந்தது.

இதற்கு எக்ஸ்ரே தேவைப்படவில்லை. பால் மறக்காத கோபத்தைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது, காவலில் வைக்கவும் கூடாது என்பது பழைய விதி. வளர்க்க வேண்டியவள் தர்ஷிகா என்பதால் அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். குஞ்சு கண் திறந்ததும் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. நால்வரும் டவுன் பஸ்ஸில் ஏறினார்கள். கண்டக்டர் பெரியதற்கு முழு டிக்கெட் கிழித்து, ஜன்னலோர இடம் கொடுத்தார். சிறியதற்கு டிக்கெட் இல்லை.

மதியம் நடுவர் அம்மா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். தன் வீட்டுப் பரணிலும் ரொம்ப நாளாக ஏதோ உரசுவதாகவும், எலி என்று நினைத்து மருந்து வைத்ததாகவும், மருந்தைத் தின்றுவிட்டு அது இன்னும் உரசுவதாகவும் சொன்னார். என்ன சாப்பிடும் என்று கேட்டார். கிரேயான் டப்பாவைக் கொடுத்தேன். கைப்பையில் வைத்துக்கொண்டு, வாசலில் நிற்கும் ரோடு ரோலரின் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்தார். என்னிடம்தான் இருந்தது.

மற்ற வழக்குகளை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைத்தோம். நடுவர் அம்மாவின் வீடு பக்கத்துத் தெருதான், ஆனால் ரோடு ரோலர் மெதுவாகத்தான் போகும்.