அடிக்காத பனி

உடப்புசல்லாவைத் தோட்டக்காரர் வீரய்யாவுக்குச் செல்லசாமி கொடுக்க வேண்டியது ஏழாயிரத்து நானூற்றைம்பது ரூபாய். நாலு வருசத்துக்கு முந்தி கடனாக வாங்கிய அரை மூட்டை விதை உருளைக்கிழங்குக்கும் பசளை உரத்துக்கும் ஆன காசு. கையில் இல்லாமல் கொடுக்காத கடன் என்றால் தேயிலைத் தோட்டத்து லயத்தில் யாருக்குத்தான் இல்லை? இது அப்படிப்பட்டதில்லை. கிழங்கு நன்றாகவே விளைந்தது. ஆறு மூட்டை. அதை விற்று டீவி ஒன்று வாங்கி வைத்துவிட்டு, வீரய்யாவுக்குப் போன் எடுத்து, "பனி அடிச்சு எல்லாம் கருகிப்போச்சுங்கண்ணே" என்று சொல்லிவிட்டான். வீரய்யா, "சரி தம்பி, மனச விட்டுறாத" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு நாளும் அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோபப்பட்டாவது இருக்கலாம். கேட்காத மனுசனிடம் என்ன செய்வது? அன்றிலிருந்து செல்லசாமி உடப்புசல்லாவைப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

இந்த வருசம் மாட்டிக்கொண்டான். மாரியம்மன் திருவிழா அன்னதானத்துக்கு ஊர் ஊராகப் போய்த் தோட்டக்காரர்களிடம் காய்கறி கேட்டு வாங்குவது வழக்கம். கொடுப்பவர்களுக்கு ரசீதுத் துண்டு எழுத ஓர் ஆள் வேண்டும். நாற்பத்தைந்து வயதில் எழுதப் படிக்கப் பழகிய செல்லசாமிக்குக் கையெழுத்து அச்சுப்போல வரும். கோயில் கமிட்டியில் அவன் பெயரைச் சொன்னதும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சரியென்றான். லொறி எந்தெந்த ஊருக்குப் போகிறது என்பதைப் பிறகுதான் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் புறப்பட்டார்கள். ஓட்டியவன் சுமன். கூட வந்தவன் செல்லசாமியின் பெண்சாதி மீனம்மாவின் தம்பி கஜேந்திரன். தீ மிதிக்க நேர்ந்துகொண்டு கையில் காப்புக் கட்டியிருந்தான். ஒரு வேளைச் சாப்பாடு, வெறுங்கால், வாயில் பொய் வரக்கூடாது. அதுதான் காப்புக்காரனுக்கு விதி.

கந்தப்பளையில் முட்டைக்கோவா கிடைத்தது. ராகலையில் லீக்ஸ் கட்டுகளும் போஞ்சிக்காயும் ஏற்றினார்கள். ஒவ்வொரு வாசலிலும் திருநீறு கொடுத்து, உண்டியல் பெட்டியை நீட்டி, செல்லசாமி நின்று நிதானமாகத் துண்டு எழுதினான்.

"மச்சான், எழுதுறியா, கோலம் போடுறியா? லீக்ஸ் வாடிரும்" என்றான் கஜேந்திரன்.

"ஒம் பேர ஒழுங்கா எழுதிக் காட்டு, பொறவு பேசு."

ராகலை தாண்டியதும் செல்லசாமி மெதுவாகக் கேட்டான். "லொறி நெறஞ்சிருச்சே சுமன், திரும்பிருவோமா?"

"கரட் இல்லாம சாம்பாராங்க? வீரய்யா அண்ணன் அஞ்சு மூட்ட புடுங்கி வச்சிருக்கேன்னு போன் போட்டாரு."

"எனக்கு வயிறு ஒரு மாதிரியா இருக்கு."

"நான் வெரதம் இருக்கேன், நீ மூணு வடைய அமுக்குன. வயிறு என்ன பண்ணும்?" என்று கஜேந்திரன் சிரித்தான்.

செல்லசாமிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஆறு மூட்டையையும் தோளில் சுமந்து ரோட்டுக்குக் கொண்டுவந்தவன் இந்தக் கஜேந்திரன். நுவரெலியா மார்க்கெட்டுக்கு ஏற்றிப்போனவன் இந்தச் சுமன். வீரய்யா வாயிலிருந்து பனி என்ற ஒரு சொல் விழுந்தால் போதும், மானம் இவர்கள் இரண்டு பேருக்கும் முன்னால் போய்விடும்.

உடப்புசல்லாவைக்குக் கொஞ்சம் இப்பால் வீரய்யாவின் தோட்டம். கரட்டைக் கழுவிக் குவித்திருந்தார். அவருடைய சம்சாரம் இஞ்சி தட்டிப்போட்ட தேத்தண்ணீர் கொண்டுவந்தாள்.

"வா தம்பி, வா! எத்தன வருசமாச்சு! இந்தப் பக்கம் ஆளையே காணோம்?" வீரய்யா அவன் தோளைப் பிடித்தார். பிறகு கஜேந்திரன் பக்கம் திரும்பினார். "பாவங்க இவரு. அந்த வருசம் பனி அடிச்சுக் கெழங்கு பூராவும் கருகிப்போச்சு. அந்தக் கூச்சத்துல வராம இருந்துட்டாரு போல. அட, மண்ணுல போட்டது மண்ணோட. நான் அத மனசுல வைக்கல."

சுமன் கரட் குவியலையே பார்த்துக்கொண்டு நின்றான். கஜேந்திரன் கையில் கோப்பை அப்படியே நின்றது. மச்சானை ஒரு தரம் பார்த்தான்.

"ஆமாங்கண்ணே" என்றான். "அந்த வருசம் சரியான பனி."

கோப்பையைப் பிடித்திருந்த கையில் மஞ்சள் காப்பு தெரிந்தது. இன்னும் ஐந்து நாளில் நெருப்பில் இறங்க வேண்டிய கால் அவனுடையது. அக்காள் புருசனின் மானத்துக்காகக் காப்பைக் கட்டிக்கொண்டே பொய் சொல்லிவிட்டான். செல்லசாமிக்கு உடம்பு கூசியது. தான் சொன்ன பொய்யை நாலு வருசம் சுமந்தவனால் இதை நாலு நிமிசம் சுமக்க முடியவில்லை.

"பனி அடிக்கலைங்கண்ணே" என்றான்.

"என்னா?"

"ஆறு மூட்ட வெளஞ்சிச்சு. வித்து டீவி வாங்குனேன். நாந்தான் ஒங்ககிட்ட பொய் சொன்னேன். எனக்காகத்தான் எம் மச்சான் இவன் இப்ப ஆமான்னான். அந்தப் பாவம் இவனுக்கு வேணாம்."

வீரய்யாவின் சம்சாரம் தட்டை இடுப்போடு வைத்துக்கொண்டு, "ஒங் கஷ்டம் தீரணும்னு அந்தத் தைப்பூசத்துக்கு ஒம் பேருக்கு நான் அர்ச்சன பண்ணுனேனேப்பா" என்றாள். ஏசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

வீரய்யா ஒரு கரட்டை எடுத்து, கழுவியும் ஒட்டியிருந்த மண்ணை நகத்தால் சுரண்டினார். மண் போன பிறகும் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"துண்டு எழுது" என்றார். "ஏழாயிரத்து நானூத்தம்பது. எம் பேருல. காச நீ பொட்டியில போடு. நான் அதத் தொட மாட்டேன்."

திரும்பும்போது ராகலையில் பிள்ளைகளுக்குத் திருவிழா உடுப்பு எடுக்கச் சொல்லி மீனம்மா கொடுத்த எட்டாயிரம் சட்டைப்பையில் இருந்தது. செல்லசாமி எண்ணினான். எல்லார் கண்ணுக்கும் முன்னால் எண்ணுவது எவ்வளவு நேரம் எடுக்கிறது! பெட்டியில் போட்டுவிட்டுப் புத்தகத்தை விரித்தான். வீரய்யா என்ற பெயரின் முதல் எழுத்தே கோட்டை விட்டு விலகியது. கஜேந்திரன் வந்து புத்தகத்தை அசையாமல் பிடித்துக்கொண்டான். எழுத்துகள் கோணல்மாணலாக விழுந்தன.

துண்டைக் கிழித்து இரண்டு கையாலும் நீட்டினான். வீரய்யா அதை வாங்கி, தொகையை வாய்க்குள் வாசித்து, மடித்துப் பையில் வைத்தார். ஐந்து மூட்டைக் கரட்டையும் ஏற்றும்வரை கூடவே நின்று கைகொடுத்தார். ஒரு மூட்டைகூடக் குறைக்கவில்லை.

லொறி கிளம்பும்போது கஜேந்திரன் பக்கம் வந்தார். செல்லசாமி அவருக்கு ஒரு கை தூரத்தில்தான் நின்றான்.

"ஒங்க மச்சான்கிட்ட சொல்லிருங்க, கணக்கு முடிஞ்சிருச்சுன்னு" என்றார் வீரய்யா.