இடது பக்கத்துக் குரல்

ஸ்டீரியோ செட்டைக் கைக்குழந்தையைப் போல அணைத்துத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தவரை அந்தத் தெருவில் எல்லோரும் ஒரிஜினல் என்றுதான் கூப்பிடுவார்கள். பழைய பாட்டுப் பெட்டிகளைப் பழுது பார்க்கிறவர். கம்பெனியிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்கித் தராவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. இந்தச் செட்டை அவரிடம் கொடுத்தவள் மகள். அப்பா போனதிலிருந்து அம்மா அதைத் தொடவே இல்லை, புதுசு போலச் செய்து கொடுத்தால் பழையபடி பாட்டாவது கேட்பாள் என்று நினைத்தாள்.

ஒரிஜினல் செட்டை அலமாரியில் வைத்து, தோளில் கிடந்த துணியால் இன்னொரு தரம் துடைத்தார். உள்ளே திறந்து பார்த்தபோது தலை சுற்றிவிட்டதாம். கண்ட இடத்தில் கம்பி, கண்ட இடத்தில் ஒட்டு. "வீட்டுக்காரர் கைவரிசை நல்லாவே தெரிஞ்சுதும்மா" என்றார்.

மகளுக்குச் சிரிப்பு வந்தது. அப்பா அச்சகத்தில் இரவு வேலை பார்த்தவர். பகலில் தூங்கி எழுந்தால் கையில் திருப்புளிதான். ஒருமுறை வாசல் மணியைப் பிரித்து மாட்டினார். அழுத்தும்போது சும்மா இருந்துவிட்டு, கையை எடுத்த பிறகு அடிக்க ஆரம்பித்தது. வந்தவர்கள் அலறிக்கொண்டு பின்வாங்கினார்கள். மூடனுக்கு வாக்கப்பட்டேன் என்று அம்மா அப்போது தலையில் அடித்துக்கொண்டாள். அவர் அசரவில்லை, நம் வீட்டு மணிக்கு மட்டும் மரியாதை தெரியும், ஆள் கையை எடுக்கும்வரை காத்திருக்கும் என்றார்.

அவர் பகலில் தூங்குவதால்தான் அம்மா ஹெட்போனில் பாட்டுக் கேட்கப் பழகினாள். செட்டோடு அதையும் அவரே வாங்கி வந்தார். வேறு யாரும் அதை மாட்டிக்கொண்டதில்லை. சின்ன வயதில் மகள் ஒருதரம் மாட்டிப் பார்த்துவிட்டு ஒரு பக்கம் கேட்கவில்லை என்று புகார் சொன்னாள். அது அம்மாவோட சாமான், வச்சிடு என்று அப்பா வாங்கி வைத்துவிட்டார்.

இப்போது அம்மா தனக்குப் பிடித்த ரெக்கார்டை வைத்தாள். ஆண் கேட்க, பெண் பதில் சொல்லும் பாட்டு. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். கொஞ்ச நேரத்தில் திறந்தாள்.

"இதுல ஆம்பளைக் குரலைக் காணோமே."

மகள் வாங்கி மாட்டிப் பார்த்தாள். இரண்டு குரலும் இருந்தன. ஒரிஜினலும் மாட்டிப் பார்த்தார். குறை சொன்னால் அவருக்குப் பொறுக்காது. அந்தக் காலத்து ரெக்கார்டில் ஆணை இடது காதிலும் பெண்ணை வலது காதிலும் நிறுத்திவிடுவார்கள் என்று விளக்கினார்.

"இப்பதாம்மா சரியா வருது. முன்னாடி இடது பக்கத்துக்கு ஒண்ணுமே வராது. ரெண்டு பக்கத்துக் கம்பியையும் சேத்து வலது பக்கத்துலயே கட்டிவிட்டிருந்தாரு. யாராவது அப்படிப் பண்ணுவாங்களா? நான் எல்லாத்தையும் வெட்டி எறிஞ்சிட்டேன்."

அம்மாவின் கை இடது காதுக்குப் போனது. அங்கேயே நின்றது.

"அம்மா?" என்றாள் மகள். "அந்தக் காது..."

"சின்ன வயசுல காய்ச்சல் வந்தப்பவே போயிடுச்சு."

மகளுக்கே இது புதுசு. கல்யாணத்துக்கு முன்னால், தெரிந்தால் வரன் தட்டிப்போகும், மூச்சு விடாதே என்று பெற்றவள் சொல்லி அனுப்பினாளாம். அம்மாவும் விடவில்லை. அவரை எப்போதும் வலது பக்கம் வைத்தே நடந்தாள், உட்கார்ந்தாள், படுத்தாள். தன் சாமர்த்தியத்தால்தான் அது இத்தனை காலம் நடந்தது என்று நம்பினாள்.

"அப்பாகிட்டயுமா சொல்லலை?"

"சொல்லலைடி."

ஒரிஜினல் துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "அந்தக் கம்பியை ஒட்டின சாலிடர் ரொம்பப் பழசும்மா" என்றார் மெல்ல. "செட்டு வாங்கின புதுசுலயே பண்ணியிருக்காரு."

அம்மா அவரைப் பார்க்கவில்லை. "அந்தக் கம்பி இருக்கா தம்பி?"

இல்லை. கை பட்டு அறுந்துவிடாமல் இருக்க அப்பா அதைச் சுற்றிக் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியை ஒட்டி வைத்திருந்தாராம். அழுக்கென்று அதையும் சேர்த்துக் குப்பையில் போட்டாகிவிட்டது. இப்போதே அதே மாதிரி கட்டித் தருகிறேன் என்று ஒரிஜினல் பையைத் திறந்தார்.

"வேண்டாம்பா. அது உங்க கையாதான் இருக்கும்."

அவர் இறங்கிப் போகும்போது படியில் இரண்டு இடத்தில் நின்று நின்று போனார்.

மகள் அம்மாவின் வலது பக்கமாக வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வந்துவிட்டது. கடைசி நாள் அது. அம்மா வழக்கம்போல வலது காது அவர் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்திருந்தாள். அவர் கையை உயர்த்தி, அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி, இடது காதோடு வாயை வைத்து நெடுநேரம் ஏதோ சொன்னார். அம்மா சரி சரியென்று தலையாட்டினாள். என்ன சொன்னார் என்று மகள் வெளியில் வைத்துக் கேட்டதற்கு, வீட்டைப் பூட்டிவிட்டு வந்தாயா என்று கேட்டார் என்றாள்.

"பொய்தான்" என்றாள் அம்மா, கேட்காமலே. "ஒரு சொல் விழலை. நான் கேட்டுக்கிட்டேன்னு நினைச்சுக்கிட்டே போயிட்டாரேன்னுதான் இத்தனை நாளா வெந்துக்கிட்டு இருந்தேன்."

"அவருக்குத்தான் தெரியுமேம்மா."

"ம்."

"தெரிஞ்சும் எதுக்கு அந்தக் காதுல சொன்னாரு?"

அம்மா ஹெட்போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மகள் காப்பி போடுகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய் முகத்தைக் கழுவினாள்.

திரும்பி வந்தபோது ரெக்கார்டு மறுபடி சுற்றிக்கொண்டிருந்தது. அம்மா ஹெட்போனைத் திருப்பிப் போட்டிருந்தாள். இடது பக்கத்துக் கிண்ணம் அவளுடைய வலது காதில் இருந்தது. இப்போது அவளுக்கு அந்த ஆணின் குரல் மட்டும்தான் கேட்கும். அவன் கேட்பான், பதில் வராது, கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்பான்.

பதில் வராத ஒவ்வொரு இடத்திலும் அம்மா தலையாட்டிக்கொண்டிருந்தாள்.