செம்பில் வெட்டிய ரொட்டி

என் அண்ணன் கழுத்தில் கயிறு இருந்தது. அதை அழித்தவன் நான்தான்.

கடல் கடந்து ஆளவந்தவர்களின் படை அதிகாரி ஒருவன் வெற்றிப் பெருமையில் வரைந்து அனுப்பிய சித்திரம் அது. அதைச் செம்புத் தகட்டில் வெட்டி அச்சுக்குத் தருவது என் வேலை. பதினான்கு கைதிகள், கழுத்துக்குக் கழுத்து ஒரே கயிறு. ஆறாவது ஆளுக்கு இடது காது பாதிதான். சின்ன வயதில் நான் கல்லெறிந்து கிழித்த காது, எனக்கா அடையாளம் தெரியாது? அண்ணியிடம் மூச்சு விடவில்லை. ஒரு கோடு விடாமல் வெட்டினேன். ஊர் பார்க்கட்டும் என்று ஒரு வீம்பு.

முதல் பிரதியைப் பார்த்ததும் அச்சக முதலாளிக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆளுநர் தன் கருணையைக் காட்டச் சுவரில் ஒட்டப்போகிற படமாம். கயிறு போக வேண்டும், ஆளுக்கொரு ரொட்டி வர வேண்டும், முதல் பிரதியை எரித்துவிட வேண்டும் என்றார். இல்லையென்றால் நான் வீட்டோடு இருக்கலாமாம். பெரிய மனசு.

செம்பில் விழுந்த கோட்டைச் சுரண்டினால் அந்த இடம் பள்ளமாகிவிடும். தகட்டைத் திருப்பிப் போட்டு, பின்னாலிருந்து சுத்தியலால் தட்டி மேடாக்க வேண்டும். இல்லாவிட்டால் மை தேங்கி நிழல் விழும். வேண்டுமென்றேதான் நான் தட்டவில்லை. பார்க்கிறவன் கழுத்தில் என்ன கறை என்று கேட்கட்டும் என்று விட்டுவிட்டேன். என் வீரம் அவ்வளவுதான்.

கைதிகளைக் கொல்லக் கூடாதென்று அவர்கள் வீட்டுப் பெண்கள் மனு கொடுத்திருந்தார்கள். முதல் கைநாட்டு அண்ணியுடையது. மூன்று நாளாக ஆளுநர் அலுவலக வாசலைவிட்டு அசையாதவள், நான்காம் நாள் காலையிலேயே வீட்டுக்கு வந்துவிட்டாள். கையில் அந்தப் படம். குமாஸ்தா கொடுத்தானாம்.

“தம்பி, இது உங்க அண்ணன்தான், காதப் பாருங்க. கையில ரொட்டி வச்சிருக்காரு. குளிருக்குக் கழுத்துல துணிகூடக் குடுத்திருக்காங்க.”

மனு என்ன ஆனது என்று கேட்டேன். இவ்வளவு நல்லபடியாகப் பார்த்துக்கொள்கிறவர்கள்மேல் பழி போடக் கூடாதென்று இவளே எல்லாரிடமும் பேசி, மறுபடி கைநாட்டு வைத்து வாபஸ் வாங்க வைத்திருக்கிறாள்.

எரிக்காமல் சட்டைக்குள் மடித்து வைத்திருந்த முதல் பிரதியை எடுத்து மேசையில் விரித்தேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். கயிற்றின்மேல் விரலை வைத்தாள்.

“அப்ப இந்த ரொட்டி?”

“நான் போட்டது அண்ணி.”

அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. முதல் பிரதியை எடுத்துக்கொண்டு ஓடினாள். சாயங்காலம் நடந்து வந்தாள். மனு வாபஸான கையோடு, ஆட்சேபம் ஏதும் இல்லையென்று, கொல்லச் சொல்லும் உத்தரவு கைதிகள் முகாமுக்குப் போய்விட்டதாம். போன குதிரையைத் திருப்பி அழைக்க மாட்டார்களாம். அவள் கொண்டுபோன படத்தை வாங்கிக் கிழித்தும் போட்டுவிட்டார்கள்.

அடுப்படிக்குப் போனவள் ஒரு ரொட்டியோடு வந்தாள். என் கையை இழுத்து, விரல்களைப் பிரித்து, அதை உள்ளே வைத்து மூடினாள்.

“இப்படியே பிடிச்சுக்கிட்டு நில்லுங்க தம்பி. பாக்கறவங்களுக்கு நல்லா இருக்கும்.”